தலையாட்டி பொம்மை, காளை-யானை, கல் கருடன்: வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு தஞ்சாவூர் கீழவாசலில். ஊர் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஒரு வேளை சாப்பாட்டுக்காவது இங்கே வந்துவிடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு கூடத்து அலமாரியில் இருக்கும் தலையாட்டி பொம்மையை ஒரு தட்டு தட்டுவார்கள். அது ஆடி நிற்பதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். இருபது வருஷமாக ஏறக்குறைய அதே கேள்விகள். தலபுராணம் சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுதியிருப்பது காவிரிக்கரையின் வேடிக்கைச் சமாசாரங்களை மட்டும். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

தலையாட்டி பொம்மைன்னா தலை மட்டும் ஆடுறதா, மொத்தமா ஆடுறதா?

இரண்டும் உண்டு. குழப்பமே அதனால்தான். ராஜா-ராணி பொம்மைக்குக் காலே கிடையாது. அடி உருண்டையாக இருக்கும், தட்டினால் உடம்போடு சாய்ந்து எழும். நடனப் பெண் பொம்மை அப்படி இல்லை. பாவாடை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஆடும். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தா-பாட்டி ஜோடியும் இந்த இரண்டாவது வகைதான்.

கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். வேலை செய்யும் விதம் மட்டும் வேறு வேறு.

எவ்வளவு தள்ளினாலும் எழுந்துக்குதே, உள்ளே காந்தம் வச்சிருக்காங்களா?

குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். காந்தமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. களிமண். ராஜாவின் அடிப்பாகம் பாதி உருண்டை. அதற்குள் களிமண்ணைக் கனமாக அடைத்திருப்பார்கள். இடுப்புக்கு மேலே வெறும் காகிதக் கூடு, விரலால் சுண்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். பொம்மையைச் சாய்த்தால் அடியில் இருக்கும் கனம் ஒரு பக்கமாக மேலே ஏறுகிறது. கையை விட்டதும் அது கீழே இறங்கப் பார்க்கிறது. அது இறங்கினால் ராஜா நிமிர்ந்துதான் ஆகவேண்டும். நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய், திரும்பி இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு காரியம் செய்யலாம். சப்பாத்தி மாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி (வர்ணம் போய்விடக் கூடாது) கிரீடத்தின் மேல் கட்டுங்கள். கோலிக்குண்டு அளவு வைத்தால் ராஜா சோம்பலாக எழுவார். மாவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படுத்தவர் படுத்தவர்தான். மொத்த எடையின் மையம், அடி உருண்டையின் வளைவுக்கு மையமான புள்ளியைத் தாண்டி மேலே போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். என் அண்ணன் பேரன் இதைப் பார்த்துவிட்டு, "அப்போ ராஜாவுக்குத் தலைக்கனம் வந்தா விழுந்துடுவாரா தாத்தா?" என்றான்.

அப்போ நடனப் பெண்ணும் அதே மாதிரிதானா?

கனம் கீழே இருக்க வேண்டும் என்பது பொது. ஆனால் ராஜா தரையில் உருள்கிறார், நடனப் பெண் தொங்குகிறாள். பார்க்க நிற்கிற மாதிரி இருந்தாலும் உண்மையில் தொங்கல்தான். ஒவ்வொரு பாகமும் கீழ்ப் பாகத்தில் செருகிய கம்பியின் நுனியில் தாங்கி நிற்கிறது. பாவாடை மணி மாதிரி கவிழ்ந்து, அந்த நுனிக்குக் கீழே வரை இறங்கியிருக்கும். தாங்கும் இடம் மேலே, கனம் கீழே. ஆகவே ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிப் பழைய இடத்துக்கே வரும்.

ஒரு தடவை தலையை மட்டும் கழற்றிப் பாருங்கள். கழுத்து தாடைக்குக் கீழே முடிந்துவிடாது. உடம்புக்குள் நீளமாக இறங்கும். மின்விசிறிக் காற்றுக்கே அவள் தலையசைப்பதற்குக் காரணம் அந்த நீளக் கழுத்து.

எதால செய்யறாங்க? எல்லாம் இப்ப பிளாஸ்டிக் ஆயிடுச்சுங்கறாங்களே?

பிளாஸ்டிக்கும் விற்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கைவேலைப் பொம்மை இன்னும் காகிதம்தான். அச்சுக்குள் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, பசை தடவி, அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் இரண்டு பாதியையும் எடுத்துச் சேர்த்து, அடியில் களிமண் வைத்து, மேலே வெள்ளைப் பூச்சு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் வர்ணம். காகிதக்கூழோடு மரவள்ளிக்கிழங்கு மாவு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்த்துப் பிசைந்து செய்வதும் உண்டு. 2008-09-ல் தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் நேரம் பிடிப்பது காயவைப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் துணியே காயாது. அடைத்து வைத்த களிமண் எப்படிக் காயும்? நல்ல பொம்மை வேண்டுமானால் கோடையில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்று ஒரு பொம்மைக்காரர் எனக்குச் சொன்னார்.

நாங்க வாங்கின ராஜா சாய்ஞ்சே நிக்கிறார், ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. உள்ளே களிமண் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம், அல்லது ஈரம் முழுக்கப் போவதற்கு முன்பே மூடியிருக்கலாம். ராஜாவின் வேலை கனத்தைக் கீழே கொண்டுவருவது. கனம் நடுவில் இல்லாவிட்டால் அவர் கோணலாகத்தான் நிமிர்வார்.

வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். நான்கு பக்கமும் சாய்த்து விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது. மூக்கு ஒவ்வொரு தடவையும் நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். அடியை முகர்ந்தால் ஈரமண் வாசனை வரக் கூடாது. பெரிய கோயில் வாசல், அரண்மனைப் பக்கம், புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் கடைகள் எங்கும் பொம்மை கிடைக்கும். எந்தக் கடையில் சாய்த்துப் பார்க்க விடுகிறார்களோ அங்கே வாங்குங்கள்.

ரயில்ல கொண்டு போனா உடையாதா?

ராஜா-ராணி உடையாது. நடனப் பெண்ணை நிறுத்தியபடி பெட்டியில் வைத்தால் திருச்சி தாண்டுவதற்குள் கழுத்து போய்விடும். தலை, உடம்பு, பாவாடை என்று மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்து, தனித்தனியே துண்டில் சுற்றுங்கள். கம்பி நுனி வளைந்துவிடாமல் ஒரு அட்டைக் குழாயைச் செருகிவிட வேண்டும். வீட்டுக்குப் போனதும் அடியிலிருந்து அடுக்குங்கள். ஆடவில்லை என்று கைபேசியில் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் தலையைப் பின்பக்கம் பார்க்க வைத்திருந்தார்கள்.

ஜப்பான்லயும் இதே பொம்மை இருக்காமே, அவங்க நம்மகிட்ட எடுத்துக்கிட்டதா?

ஜப்பானின் தருமா பொம்மையும் காகிதக்கூடு, கனமான அடி, தள்ளினால் எழும். ரஷ்யாவிலும் இப்படி ஒன்று உண்டு. இப்படி ஒரு பொம்மையை யார் வேண்டுமானாலும் தனியாகவே கண்டுபிடித்திருக்க முடியும் என்பதால் நான் பங்காளிச் சண்டைக்குப் போவதில்லை. ஒன்று மட்டும் சுவாரசியம்: தருமா என்பது போதிதருமர். அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கு இருக்கிறது.

நெட்டி வேலை, தஞ்சாவூர் தட்டு, தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் ஒரே ஆளுங்க செய்யறதா?

இல்லை, வேறு வேறு கை. ஓவியம் என்பது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பசையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டுவது. தட்டு என்பது பித்தளை மேல் செம்பு, வெள்ளித் தகடுகளைப் புடைத்துப் பதிப்பது.

எனக்குப் பிடித்தது நெட்டி. குளத்தில், சதுப்பில் வளரும் ஒரு செடியின் தண்டுதான் நெட்டி. தோலைச் சீவினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை. கத்தியால் அதைச் சீவிச் சீவிப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிடுவார்கள். பார்த்தால் தந்தம், தூக்கினால் காற்று. 2020-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. டெல்டாக்காரர்களுக்கு நெட்டி என்றால் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வராது. மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் போடும் கலர் நெட்டிமாலைதான் ஞாபகம் வரும். அந்த நெட்டிமாலை சாயங்காலத்துக்குள் பக்கத்து மாட்டின் வாய்க்குள் போய்விடும், அது வேறு கதை.

தாராசுரத்துல ஒரே தலையில காளையும் யானையும் இருக்காமே, நாங்க போய்த் தேடினோம், கிடைக்கலையே?

பெரிய சிற்பமாக இருக்கும் என்று நினைத்துத் தேடியிருப்பீர்கள். அது சின்னது. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. அங்கே சிறிசாகச் செதுக்குவதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடிச்சுவரில் நாயன்மார் கதைகளெல்லாம் சாண் அளவில் இருக்கின்றன. காளை-யானையை ரிஷப குஞ்சரம் என்பார்கள். கோயில் காவலாளியிடம் கேளுங்கள், நேரே கூட்டிப்போய் நிறுத்துவார்.

பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் உள்ளங்கையால் யானை உடம்பை மறையுங்கள்: தலை தூக்கிய காளை. கையை மாற்றிக் காளை உடம்பை மறையுங்கள்: தும்பிக்கை தூக்கிய யானை. இரண்டுக்கும் கண் ஒன்றுதான். கையை எடுத்துவிட்டுப் பார்த்தால் மனசு ஒரு நொடி எதில் நிற்பது என்று தடுமாறும். சிற்பி அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் உளியை எடுத்திருப்பார் என்பது என் கட்சி. இதற்குத் தத்துவ விளக்கம் சொல்பவர்களும் உண்டு, சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கூட்டிப்போன குழந்தைகள் யாரும் சிரிக்காமல் திரும்பியதில்லை.

அங்கேயே தட்டினா பாடுற படிக்கட்டு இருக்காமே? எங்களை விடலையே?

பலிபீடத்தின் படிகள். தட்டினால் படிக்குப் படி வேறு ஒலி வரும். வருகிறவர்கள் எல்லாம் கல்லால், சாவியால், நாணயத்தால் தட்டினால் என்ன ஆகும்? அதனால்தான் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம்.

அந்த ஆசை தீர வேண்டுமானால் திருவாரூர் போங்கள். தியாகராஜர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் இருக்கிறது. ஒரே உலோகக் குடத்துக்கு ஐந்து வாய். ஐந்துக்கும் தோல் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நாதம். பூசை நேரத்தில் போனால் கேட்கலாம்.

பெரிய கோயில் கோபுர நிழல் தரையில விழாதுங்கறது நிஜமா?

விழும். நானே அந்த நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். காலையில் மேற்கே, சாயங்காலம் கிழக்கே, மார்கழி மதியத்தில் வடக்கே நீளமாக விழும்.

கதை எங்கிருந்து வந்தது என்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விமானம் (கருவறைக்கு மேலே எழும் அந்தக் கோபுரம்) உயரம்தான், ஆனால் அடியும் அகலம்; மேலே போகப் போகக் குறுகுகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது மேல் நிலைகளின் நிழல் கீழ் நிலைகளின் மேலேயே விழுந்துவிடும், தரைக்கு வராது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சாவூரில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களில் மதியம் போனால் கதை மெய் மாதிரியே இருக்கும். உங்கள் நிழலும்தான் அப்போது தரையில் விழாது. உங்களுக்கு யாரும் கல்வெட்டு வைக்கப் போவதில்லை.

அதே கோபுரத்துல தொப்பி போட்ட வெள்ளைக்காரர் இருக்காரே, ராஜராஜன் வருங்காலத்தைப் பார்த்துட்டாரா?

விமானத்தின் வடக்குப் பக்கம் அண்ணாந்து பார்த்தால் தொப்பிக்காரர் தெரிவார். பைனாகுலர் இருந்தால் நல்லது. முதலாம் ராஜராஜன் கட்டிய இந்தக் கோயில் முடிந்தது 1010-ல். தரங்கம்பாடியில் கோட்டை கட்ட டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரோடு உடன்படிக்கை செய்தது 1620-ல். இடைப்பட்ட அறுநூறு வருஷத்தை ராஜராஜன் தாண்டிப் பார்த்தார் என்பதைவிட, பின்னாளில் பழுது பார்த்தவர்கள் தாங்கள் கண்ட புது மனிதரைச் சேர்த்துவைத்தார்கள் என்பதுதான் பொருந்துகிறது. பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இதையும் நம்புவதில்லை.

நாச்சியார்கோயில் கல் கருடன் வெளியே வர வர கனம் கூடுமாமே? அதுக்கும் களிமண் கணக்கு சொல்லுவீங்களா?

சொல்ல மாட்டேன். கல் கருடன் என்பது கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயில் பெருமாள் கோயிலின் கருங்கல் கருடன் சிலை. மார்கழியிலும் பங்குனியிலும் அதன் புறப்பாடு. சன்னதியில் 4 பேர் தூக்குவார்கள். அப்புறம் 8, 16, 32, 64 என்று தோள்கள் கூடும். திரும்பும்போது அதே கணக்கில் குறையும். ஆள் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். எடை கூடுவது நம்பிக்கை. தராசு கொண்டுபோகும் இடம் அது இல்லை. கூட்டத்தில் நின்று, தூக்குகிறவர்களின் முகத்தில் வேர்வை வழிவதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை வேறு தொனியில் கேட்பார்கள்.

ஊரில் இறங்கியது இறங்கினீர்கள், குத்துவிளக்குப் பட்டறையையும் எட்டிப் பாருங்கள். விளக்கின் தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து மறை போட்டுத் திருகுவது. நடனப் பெண்ணைக் கழற்றியவர்களுக்கு உடனே புரியும்.

பொம்மலாட்டத்துல ஒரே ஆள் எப்படி தலை, கை, உடம்பு எல்லாத்தையும் ஆட்டறார்? அவருக்கு ரெண்டு கைதானே?

ரெண்டு கையோடு ஒரு தலையும் இருக்கிறதே! மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்து மரபில் ஆட்டுகிறவர் துணி சுற்றிய இரும்பு வளையத்தைக் கிரீடம் மாதிரி தலையில் மாட்டிக்கொள்வார். பொம்மையின் தலையிலும் உடம்பிலும் கட்டிய கயிறுகள் அந்த வளையத்தில் முடிந்திருக்கும். பொம்மையின் கைகளுக்கு மட்டும் கம்பி. அது அவர் கைகளில். அவர் தலை குனிந்தால் பொம்மை வணங்கும்.

பொம்மை நாலரை அடி வரை உயரம், 10 கிலோ வரை எடை. அதைத் தலையில் தாங்கிக்கொண்டு, ஜதிக்குத் தானும் கால் போட்டு ஆடுவார். சிறு வயதில் ஒரு தடவை திரைக்குப் பின்னால் நுழைந்து பார்த்தேன். முன்னால் வள்ளி ஆடிக்கொண்டிருந்தாள். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், காலில் சலங்கையோடு, அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் முன்னால் உட்கார்ந்து பார்த்தது குறைவு.

அரண்மனையில திமிங்கில எலும்பு என்னத்துக்கு?

1955-ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம். மன்னர் வேட்டையாடியது என்று வழிகாட்டி யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவையுங்கள்.

அதே வளாகத்தில் சரசுவதி மகால் காட்சிக்கூடத்தைத் தவற விடாதீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை) கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்த மனுஷர். பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ பிரன் வரைந்த முகங்கள் அங்கே இருக்கின்றன: ஆந்தை முக மனிதர், ஆடு முக மனிதர், குதிரை முக மனிதர், பக்கத்திலேயே அந்தந்த விலங்கு. பார்த்துவிட்டு வெளியே வந்தவுடன் எதிரே வருகிறவர்களை ஒரு மணி நேரத்துக்குச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. என் மைத்துனர் எந்தப் படத்தின் முன்னால் நின்றார், நான் என்ன சொன்னேன், அதனால் சம்பந்தி வீட்டில் என்ன ஆயிற்று என்பதை எழுதப்போவதில்லை.

நெப்போலியன் தோத்ததுக்குத் தஞ்சாவூர்ல கோபுரம் கட்டினாங்களாமே, யார் கேட்டது?

அதே சரபோஜிதான். ஆங்கிலேயர் நண்பர், அவர்கள் வெற்றியைக் கொண்டாட 1814-15-ல் மல்லிப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையில் எட்டு அடுக்கு, அறுகோண கோபுரம் எழுப்பினார். பெயர் மனோரா. பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் உண்டு. பாக் நீரிணைக் காற்றில் நின்றுகொண்டு நெப்போலியனை நினைத்துப் பார்ப்பதே ஒரு தமாஷ்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கலாம்?

காலையில் தாராசுரம், காளை-யானை. வெயில் ஏறும்முன் திருவலஞ்சுழி, பக்கத்தில்தான். அங்கே கல்லில் துளையிட்ட பலகணியை, அதாவது கல் சன்னலை, பாருங்கள். பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, 'திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவீழிமிழலை வௌவால் நெற்றி மண்டபம் நீங்கலாக எதுவும் செய்து தருகிறோம்' என்று எழுதிக்கொடுப்பார்களாம். அவர்களே கும்பிடு போட்ட வேலை அது. மதியத்துக்கு மேல் தஞ்சாவூர் அரண்மனை, சாயங்காலம் பெரிய கோயில், நிழல் உட்பட.

எங்க பாட்டி காலத்து ராஜா-ராணி இருக்கு, வர்ணமெல்லாம் போயிடுச்சு. புதுசா பெயிண்ட் அடிச்சுடலாமா?

வேண்டாம். நான் செய்து பார்த்த தப்பு. வீட்டு வாசல் கேட்டுக்கு அடிக்க வாங்கிய எனாமல் மிச்சம் இருந்தது. எங்கள் பாட்டியின் ராணிக்கு முகத்திலிருந்து கிரீடம் வரை இரண்டு கோட்டிங் அடித்தேன். மீசை வரைந்திருந்தால் ராஜா என்றே சொல்லியிருப்பார்கள். முகம் அப்படி ஆகிவிட்டது. அதோடு மேலே பெயிண்டின் கனம் ஏறியதில் எழுவதும் மந்தமாகிவிட்டது (சப்பாத்தி மாவு கணக்கை மறுபடி பாருங்கள்). தண்ணீர் தொட்டுத் துடைக்கவும் கூடாது, உள்ளே காகிதம். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுங்கள், வெயிலும் சுவர் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள், அவ்வளவு போதும்.

அந்த ராணி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறாள், சுவர்ப் பக்கம் திரும்பினபடி. வருகிற குழந்தைகள் முதலில் அவளைத்தான் எடுத்துத் தட்டுகிறார்கள்.